மனத்தைக் குலைக்கும் திகில் படங்களை வீட்டில் கூடிப் பார்ப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் படம் பார்ப்பது என்பது நெடுங்காலமாகக் கூட்டமாகச் செய்யும் காரியமாகவே இருந்து வந்திருக்கிறது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, பாயும் சாக்கும் விரித்து உட்கார்ந்து பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. எந்தப் படத்தைக் காட்டுவது என்பதை அப்போது நிர்வாகமோ கோயில் கமிட்டியோ முடிவு செய்தது. இன்று பால்மரம் என்ற ரப்பர் மரம் இருந்த இடமெல்லாம் செம்பனையாகிவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்கள், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கூடத்துச் சுவர் அகலத்துக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. ஜப்பான், கொரியா, பிரான்சு என்று எந்த நாட்டுத் திகில் படமானாலும் மாதச் சந்தா கட்டியவர் வீட்டில் ஓடும். ஆகவே, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது சனிக்கிழமை இரவு கூட்டாளிகளை வீட்டுக்கு அழைப்பவரின் தலையில் விழுந்திருக்கிறது. அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மண்டபத்தில் நாற்காலி போட்டு ஊரைக் கூட்டித் திரையிடுவது வேறு வகையான காரியம். அதற்குத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற படமும், உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் ஒரு வீட்டுக் கூடம், ஒருவரையொருவர் தெரிந்த ஏழெட்டுப் பேர், முறையாகக் கிடைக்கும் படம் என்ற அளவுக்கு உட்பட்டவை.

எந்த வகைப் படம் என்பதையும் வரையறுத்துக்கொள்வது நல்லது. பாழடைந்த பங்களா, அதில் ஒரு பழிவாங்கும் பேய், இடையிடையே சிரிப்பு, கடைசியில் அம்மன் பாட்டு என்று போகும் படங்களுக்கு வழிகாட்டியே தேவையில்லை. அவற்றைப் பாட்டியும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் குறிப்பிடுவது, முடிந்து நாலு நாள் ஆன பிறகும் சோற்றில் கை வைக்கும்போது ஞாபகத்துக்கு வருகிற படங்களை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல் நல்ல கருவியாக உதவுகிறது. அச்சம் நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்று அது சொல்கிறது: அணங்கு (தாக்கி வருத்தும் தெய்வம் அல்லது பேய்), விலங்கு, கள்வர், இறை (அரசர் முதலிய மேலோர்). இளிவரல் என்ற அருவருப்புக்கும் நான்கு இடங்கள் உண்டு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. வழக்கமான பேய்ப்படம் அணங்கை வைத்தோ கள்வரை வைத்தோ அச்சத்தை மட்டும் எழுப்பிவிட்டுப் போய்விடும். மனத்தைக் குலைக்கிற படம் அச்சத்தோடு இளிவரலையும் சேர்த்துப் பிசைகிறது. அழுகும் உடல், தீராத நோய், கட்டிப்போடப்பட்ட மனிதரின் இயலாமை ஆகியவற்றைக் கண்முன் நிறுத்தி, பயத்தையும் அருவருப்பையும் ஒரே நேரத்தில் எழுப்புகிறது. நோயல் காரல் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1990ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், திகில் கதையின் அரக்க உருவத்துக்கு ஆபத்து, தூய்மைக்கேடு என்ற இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஏறக்குறைய இதே இரண்டைத்தான் குறிப்பிட்டார்.

படம் தேர்ந்தெடுக்கும்போது இந்த எட்டு இடங்களையும் கையில் வைத்துக்கொண்டு, எதன்மேல் இந்தப் படம் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அணங்குக்கு அசையாத ஒருவர் பிணியில் உடைந்துபோகலாம். படுக்கையில் கிடந்த தாயை ஈராண்டு கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, முதுமையையும் நோயையும் பேயாக மாற்றிக் காட்டும் படம் பொழுதுபோக்காக இருக்காது. அவர் பயந்தவர் என்பதால் அப்படி என்று நினைப்பது அறியாமை. அந்தப் படம் காட்டுவதை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டவர்.

ஏன் பிடிக்கிறது

"காசு கொடுத்து ஏன்டா இந்தக் கண்றாவியைப் பார்க்கணும்?" என்று அடுப்படியிலிருந்து வரும் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லத் தெரியாவிட்டால், அந்த வீட்டில் இப்படிப்பட்ட படம் போடாமல் இருப்பதே மேல்.

ஜொனாதன் ஹைட், கிளார்க் மெக்காலி, பால் ரோசின் ஆகிய உளவியலாளர் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாட்டை அறுக்கும் கூடம், முக அறுவை சிகிச்சை போன்ற உண்மைக் காட்சிகள் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டப்பட்டன. பெரும்பாலோர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதைவிடக் கொடூரமான காட்சிகள் கொண்ட படங்களுக்குச் சீட்டு வாங்கிப் போகிற வயதுதான் அவர்களுக்கும். திரைப்படத்தில் அது நடிப்பு என்பது தெரிகிறது. உண்மைக் காட்சியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதே ரோசின் பின்னாளில், மிளகாய்க் காரம், சோகப் பாட்டு, திகில் படம் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, உடல் "ஆபத்து" என்று அலறும்போதே மனம் "ஆபத்தில்லை" என்று அறிந்திருப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது என்று விளக்கினார். ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காத நம்மவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

டால்ஃப் ஜில்மன் என்ற ஆய்வாளர் சொன்னது வேறொன்று. பயத்தால் எழுந்த உடல் கிளர்ச்சி, பயம் தீர்ந்தவுடன் இறங்கிவிடுவதில்லை. அடுத்து வருகிற உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு அதைப் பெரிதாக்குகிறது. படம் முடிந்ததும் சாதாரணப் பேச்சுக்குக்கூட விழுந்து விழுந்து சிரிக்கிறோமே, அது இதனால்தான். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பேய் வீட்டுக் காட்சியொன்றுக்கு வந்தவர்களின் இதயத் துடிப்பை அளந்து, பயம் மிகக் குறைந்தவர்களும் மிக அதிகமானவர்களும் அதிகம் ரசிக்கவில்லை, நடுவில் இருந்தவர்களே ரசித்தார்கள் என்று காட்டியது. ஆளுக்கு ஆள் இந்த நடு இடம் மாறும் என்பதுதான், கூட்டாகப் படம் போடுகிறவர் மறக்கக் கூடாத செய்தி. உங்களுக்கு நடு இடமாக இருப்பது உங்கள் அத்தை மகனுக்கு எல்லை தாண்டியதாக இருக்கலாம்.

நம் இலக்கியத்துக்கும் இந்தச் சுவை புதிதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடப்பட்ட கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைப்பதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. இவ்வளவு பிணத்துக்கு நடுவிலும் கேட்பவர் சிரித்துவிடுகிறார், ஏனென்றால் அந்தச் சிரிப்புக்குக் கவிஞரே இடம் விட்டிருக்கிறார். குலைக்கும் திகில் படங்கள் பலவற்றில் இந்த இடம் வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே மூச்சுவிடும் இடத்தைப் பார்க்கிறவர்கள்தாம் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் விளக்கு, ஒலி, நிறுத்தம், பேச்சு எல்லாம் அந்த இடத்தை உண்டாக்கும் ஏற்பாடுகளே.

தேர்ந்தெடுப்பது

சான்றிதழைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உள்துறை அமைச்சின்கீழ் இயங்கும் தணிக்கை வாரியம் முன்பு திகிலும் வன்முறையும் மிக்க படங்களுக்கு 18எஸ்ஜி என்று தனி முத்திரையே வைத்திருந்தது. இப்போது 16, 18 என்று வயதை மட்டும் குறிக்கிறது. சமயம், ஒழுக்கம், பொது அமைதி ஆகியவற்றை மனத்தில் வைத்து எடுக்கப்படும் முடிவு அது. உங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது அதற்குத் தெரியாது. வெட்டினால் படம் இலேசாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2023இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதற்பரிசு பெற்ற மலேசியப் படம் 'டைகர் ஸ்டிரைப்ஸ்', பருவமடையும் சிறுமியின் உடல் மாற்றத்தைத் திகிலாகச் சொல்வது. அது இங்கே வெட்டுகளோடு வெளியானபோது, இது தாம் எடுத்த படமாகாது என்று இயக்குநர் அமண்டா நெல் யூ பகிரங்கமாகவே அறிவித்தார். வெட்டு படத்தின் பொருளைக் குறைக்குமே தவிர, பார்ப்பவருக்கு ஏற்ற அளவாக அதை மாற்றித் தராது.

கொடூரத்தின் அளவு ரத்தத்தின் அளவைப் பொறுத்தது என்று நினைப்பதும் தவறு. 1974இல் வந்த 'தி டெக்சஸ் செயின்சா மசாக்கர்' என்ற படத்தின் பெயரைக் கேட்டால் ரத்த ஆறு ஓடும் என்று தோன்றும். இயக்குநர் டோப் ஹூப்பர் திரையில் காட்டிய ரத்தமோ வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஆயினும் பிரிட்டனின் தணிக்கையாளர்கள் 1999 வரை அதற்குச் சான்றிதழ் தரவில்லை. எந்தக் காட்சியை வெட்டினாலும் திகில் குறையவில்லை என்பதே அவர்களுக்கு இருந்த சிக்கல். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. குளியலறையில் ஓடிய ரத்தம் சாக்லேட் குழம்பு. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீறவைத்துக் காட்டிய பிறகே மனம் மாறினார். இதுவரை இந்த வகையையே பார்க்காத கூட்டத்துக்கு நான் முதலில் போடுவது இப்படிக் காட்டாமல் காட்டும் படங்களைத்தான். அவை எளிதானவை என்பதால் அப்படிச் செய்யவில்லை. திரைக்கலை எவ்வளவு குறைவான பொருளைக் கொண்டு எவ்வளவு பெரிய நடுக்கத்தை உண்டாக்குகிறது என்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர், பிறகு வெறும் சதையைக் காட்டும் படத்தைப் பார்த்தால் அதன் வறுமையைத் தாமே கண்டுகொள்வார்.

மறுபுறத்தில், பார்வையாளரையே குற்றக்கூண்டில் ஏற்றும் படங்கள் உண்டு. ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹானகே 1997இல் எடுத்த 'ஃபன்னி கேம்ஸ்' படத்தில் வன்முறையில் பெரும்பகுதி திரைக்கு வெளியே நடக்கிறது. கொலைகாரன் நம்மைத் திரும்பிப் பார்த்துப் பேசுகிறான். நமக்கு ஆறுதல் கிடைக்கும் ஒரே காட்சியையும் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியால் பின்னோக்கி ஓட்டி அழித்துவிடுகிறான். இதை நான் மதிக்கிறேன். ஆனால் வார இறுதியில் களைப்பாறக் கூடியவர்களுக்கு இதைப் போட மாட்டேன். மில்லில் ஆறு நாள் வேலை செய்துவிட்டு வந்தவரை உட்காரவைத்து, "நீ ஏன் இதைப் பார்க்கிறாய்?" என்று இரண்டு மணி நேரம் விசாரணை நடத்துவது விருந்தோம்பல் ஆகாது.

கதைச் சுருக்கத்தை முழுக்கப் படித்துவிடுவதில் வெட்கம் வேண்டாம். அழைக்கிறவர் முன்கூட்டியே தனியாகப் பார்த்துவிடுவது அதைவிடச் சிறந்தது. குழந்தை சாவது, நாய் சாவது, பாலியல் வன்முறை, தற்கொலை போன்றவை படத்தில் வருகின்றனவா என்பதை 'டஸ் த டாக் டை' என்ற இணையத்தளம் படம் படமாகப் பட்டியலிடுகிறது. தேடுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

போடவே கூடாதவை என்றும் சில உண்டு. இத்தாலிய இயக்குநர் ருஜெரோ தெயோதாத்தோவின் 'கேனிபல் ஹாலோகாஸ்ட்' 1980இல் வெளிவந்தபோது, நடிகர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்து, அவர்கள் உயிரோடிருப்பதை அவர் நீதிமன்றத்துக்கு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மனிதர்கள் பிழைத்தார்கள்; ஆனால் அந்தப் படத்தில் ஆமை முதலிய விலங்குகள் கேமராவுக்காக உண்மையிலேயே கொல்லப்பட்டன. மேலே சொன்ன 1994ஆம் ஆண்டு ஆய்வை நினைத்துப் பாருங்கள்: நடிப்பு என்ற வேலி இருப்பதால்தான் இந்தச் சுவையே பிறக்கிறது. வேலியைப் பிடுங்கிவிட்ட படம் எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும் அதை என் கூடத்தில் ஓடவிட மாட்டேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் விபத்துக் காணொளிகளும், வெட்டுக்குத்துக் காணொளிகளும் இதே கணக்கில்தான் வரும். "படம் தொடங்குமுன் இதைப் பாருங்கண்ணே" என்று யாராவது கைப்பேசியை நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு பெண்ணின் மேல் நடக்கும் வன்முறையை நீட்டி நீட்டிக் காட்டுவதைத் தவிரச் சொல்ல வேறொன்றும் இல்லாத படங்களையும், "இதைக் கடைசிவரை பார்க்க முடிந்தவன் ஆம்பளை" என்ற பெயரை மட்டுமே விளம்பரமாகக் கொண்ட படங்களையும் நான் ஒதுக்கிவிடுகிறேன். இது என் சொந்தத் தீர்ப்பு. இதற்கு ஆய்வு எதையும் துணைக்கு அழைக்கவில்லை.

யாரை அழைப்பது, என்ன சொல்லி அழைப்பது

"பேய்ப்படம்தான், வாங்க" என்று பொத்தாம்பொதுவாக அழைக்காதீர்கள். படத்தின் பெயர், நீளம், மொழி, அதில் வரும் கடினமான காட்சிகளின் தன்மை ஆகிய நான்கையும் முன்தினமே செய்தியாக அனுப்பிவிடுங்கள். திடீர்த் திருப்பம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். "பிற்பாதியில் உடல் வதை வருகிறது" என்று சொல்வதால் கதை வெளிப்பட்டுவிடாது. ஜப்பானியப் படமான 'ஆடிஷன்' (1999) முதல் பாதி முழுவதும் மனைவியை இழந்த ஒருவரின் மறுமணக் கதையைப் போலவே நகரும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் புதிதாகத் திருமணமான தம்பதியை அழைத்து உட்காரவைப்பது குறும்பு என்ற பெயரில் செய்யும் கொடுமை.

சாவு விழுந்து பதினாறாம் நாள் காரியம் முடியாத வீட்டாரை அழைக்காதீர்கள். அவர்களாகவே வருகிறோம் என்றாலும் வேறு படம் போடுங்கள். கோயிலில் சாமியாடுகிறவர்கள் இருக்கும் குடும்பங்களில், ஓர் உடலுக்குள் வேறொன்று புகுவதாகக் காட்டும் படங்களுக்கு வேறொரு கனம் இருக்கிறது. மேல்நாட்டுப் பார்வையாளருக்கு அது கற்பனைக் கதை. முனீஸ்வரர் சன்னிதியில் தன் சித்தப்பாவின்மேல் அருள் இறங்கியதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது வீட்டு விஷயம். அவர் பார்க்க மாட்டேன் என்றால் மூடநம்பிக்கை என்று கேலி செய்ய உங்களுக்கு உரிமையில்லை. வாழைமரத்தில் தங்கும் பெண்பேய் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பொந்தியானாக்கின் கதையும் அப்படித்தான். இருட்டோடு பால்வெட்டப் போன பெண்கள் மலாய்க்காரத் தோழிகளிடம் கேட்டு வந்து லயத்தில் சொன்ன கதைகள் அவை. பிரெஞ்சுப் படத்தில் தோலை உரிப்பதைப் பார்த்து அசையாத ஆள், பொந்தியானாக் படம் பார்த்துவிட்டுக் கொல்லையில் உள்ள வாழைமரத்துப் பக்கம் போக மறுப்பதை நீங்கள் காணலாம்.

முதியவர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதையில் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். அதில் அப்பாவை இழந்தவர்கள், தப்பி வந்தவரின் புண் நிறைந்த கால்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பட்டணங்களில் இன்றும் எஞ்சியிருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக அடைத்துவைக்கப்பட்ட மனிதர்களைக் காட்டும் படத்தை அப்படி ஒரு பாட்டி தண்ணீர் குடிக்கக் கூடத்தைக் கடந்து போகும்போது ஓடவிடுவது, எந்தக் கலை நியாயத்தாலும் சமாதானம் சொல்ல முடியாத காரியம். அவர் தூங்கிய பிறகு போடுங்கள், அல்லது வேறு வீட்டில் போடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் பெரும்பாலான பெற்றோரின் கணிப்பு தவறாகவே இருக்கிறது. ஜோஆன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழந்தைகளின் திரைப்பயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஒன்றின் தோற்றத்தைப் பார்த்தே பயப்படுகிறார்கள், அது நல்லதா கெட்டதா என்று எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. பச்சை நிற ராட்சசனாக மாறும் 'ஹல்க்' நல்லவன்தான். இருந்தும் தொலைக்காட்சியில் அவன் உருமாறும் காட்சி சிறு பிள்ளைகளை மிகவும் மிரட்டியது. ஆகவே "அது நல்ல பேய்டா கண்ணு" என்ற சமாதானம் அந்த வயதில் செல்லாது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைத் தொந்தரவு செய்வது உருவத்தைவிட நடக்கக்கூடிய ஆபத்து: வீட்டுக்குள் நுழைகிறவன், கடத்துகிறவன், தாய் காணாமல் போவது. பிள்ளைகள் அறைக்குள் தூங்குகிறார்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். பழைய லயத்து வீடுகளில் தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாது. தாமான் வீட்டுக் கதவுக்கடியிலும் ஒலி நுழையும். படமே தெரியாமல் அலறலை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை, தன் பயத்துக்குத் தானே உருவம் கொடுத்துக்கொள்கிறது.

படம் ஓடும்போது

நள்ளிரவில் போட்டால்தான் திகில் என்பது இளவட்டப் பேச்சு. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகிறவர்களும் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவர்களும் இருக்கும் ஊரில், எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிட்டால், பேசுவதற்கும் பழைய நிலைக்கு வருவதற்கும் ஒரு மணி நேரம் மிஞ்சும். கூடத்தை முழுதாக இருட்டாக்காமல் பின்புறத்தில் ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். வாசலுக்குப் போகும் வழியில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். ஒருவர் எழுந்து போக வேண்டுமென்றால் நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு போகிற நிலை இருந்தால், அவர் வெட்கத்தாலேயே உட்கார்ந்திருப்பார்.

பயத்தின் பெரும்பங்கு காதின் வழியாக வருகிறது. இதை நம்பாதவர், தம்மை உலுக்கிய ஒரு காட்சியை ஒலியை அடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கட்டும். எனவே தாங்க முடியாத இடத்தில் கண்ணை மூடுவதைவிடக் காதைப் பொத்துவது பயன் தரும். கண்ணை மட்டும் மூடினால் காட்சியைக் கற்பனை இன்னும் பெரிதாக வரைந்துகொள்ளும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது வசனம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிவிட்டு, மழை நின்ற பிறகு குறைக்க மறந்துவிடுவது நம் ஊரில் வழக்கமாக நடப்பது. அடுத்த திடுக்கிடல் காட்சி வரும்போது அண்டை வீட்டாரே எழுந்துவிடுவார்கள். திரையடியில் வரும் வசன எழுத்துகளைத் தமிழிலோ மலாயிலோ ஓடவிட்டு ஒலியைச் சற்றுத் தணித்தே வையுங்கள்.

ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும் என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். படத்தைக் காதலிக்கிறவர் கையில் அது இருக்கக் கூடாது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். வைத்திருக்க வேண்டியவர் மனிதர்களைப் பார்க்கிறவர். பெரும்பாலும் ஓர் அக்காவோ அண்ணியோ இதற்குப் பொருத்தமாக அமைகிறார்.

அவர் கவனிக்க வேண்டியது அலறுகிறவர்களை அன்று. அலறுவதும் பக்கத்தில் இருப்பவர் தோளைக் கிள்ளுவதும் நன்றாக ரசிக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கும் பையன் ஒருவன் இருப்பான். திரையில் ஒருவனின் விரலை முறிக்கிறார்கள். "அட, இதெல்லாம் ரப்பர்ண்ணே" என்கிறான். அவனுடைய முழங்கால் மட்டும் தையல் எந்திரம்போல் ஆடிக்கொண்டே இருக்கும். மைலோ தம்ளரைத் தரையில் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருப்பான், ஆனால் குடித்திருக்க மாட்டான். படம் முடிந்ததும் நாலு சந்து தள்ளி இருக்கும் தன் வீட்டுக்கு, "அண்ணே, அந்தப் பக்கமாத்தானே போறீங்க?" என்று துணை தேடுவான். அவனை எல்லோர் முன்னிலும் "பயமா இருக்கா தம்பி?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். ரிமோட் வைத்திருப்பவர் படத்தை நிறுத்தி, "தண்ணி கொதிச்சிருச்சு, யாராவது வந்து கலக்குங்க. தம்பி, நீ வா" என்று அவனை அடுப்படிக்கு அழைத்துக்கொள்வதே முறை. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவனே சொல்வான், அல்லது சொல்லாமலேயே அங்கு நின்றுவிடுவான். இரண்டும் போதும்.

யாராவது நேராகவே "போதும், நிறுத்துங்க" என்று சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்திவிட வேண்டும் என்பதைப் படம் தொடங்குமுன் எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள். மீதியைப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். தன் கையில் நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது என்று தெரிந்தவர்களே உண்மையில் அதிக நேரம் தாங்குகிறார்கள். இந்த விதியை அறிவித்த வீடுகளில் அது பயன்படுத்தப்படுவது அரிது.

முடிந்த பிறகு

பெயர்கள் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு உடனே ஆளை அனுப்பிவிடாதீர்கள். ஜில்மன் சொன்ன அந்த மிச்சக் கிளர்ச்சி இறங்குவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அது இறங்குவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருண்ட செம்பனைச் சாலையில் போகவிடுவது நல்லதும் அன்று. ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் கேலியும் கிண்டலுமாகப் போகும், போகட்டும். அதன்பிறகு, "எந்த இடத்தில் உங்களுக்குப் பிடிக்காமல் போயிற்று?" என்று ஒரு கேள்வியை எடுத்துப் போடுங்கள். "எது பயமாக இருந்தது?" என்று கேட்டால் வீரம் பேசுவார்கள், பிடிக்காத இடத்தைக் கேட்டால் ஒவ்வொருவரும் தம் எல்லையைச் சொல்லிவிடுவார்கள். படம் எப்படி எடுக்கப்பட்டது, ரத்தம் எதனால் ஆனது, அலறல் எங்கே பதிவு செய்யப்பட்டது என்ற பேச்சும் நன்மை தரும். எடுத்த விதம் தெரிந்த காட்சி தூக்கத்தில் வந்தாலும் பாதி பலத்தோடுதான் வரும்.

இரண்டொரு நாள் ஒரு காட்சி மனத்தில் திரும்பத் திரும்ப வருவது இயல்பு. வாரங்கள் கடந்தும் தூக்கம் கெடுவது, தனியாகக் குளியலறைக்குப் போக முடியாமல் இருப்பது, சாப்பாடு இறங்காமல் இருப்பது என்று நீடித்தால், அது படத்தைப் பற்றிய விஷயமாக இல்லாமல் பழைய துயரம் ஒன்றை அந்தப் படம் தொட்டுவிட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். மந்திரிப்பதும் திருநீறு போடுவதும் ஆறுதல் தந்தால் செய்துகொள்ளட்டும். அதோடு அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த மாதப் படத்தை, இம்முறை பாதியில் எழுந்து போனவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் பெரும்பாலும் சிரிப்புப் படம்தான் கேட்பார். அதையே போடுங்கள், மறுமாதம் அவர் திகில் படத்துக்குத் திரும்பி வருவதற்கு அதைவிட நல்ல அழைப்பு கிடையாது.